அரைநூலாரின் நடைவண்டி

ஸ்டூலுக்கு நாலு கால். மனுஷனுக்கு ரெண்டு கால். ஸ்டூல் மேல் மனுஷன் ஏறி நின்றால் மொத்தம் ஆறு. ஆறு கால் இருந்தும் ஒருத்தர் தொப்பென்று கீழே விழுந்தார் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். விழுந்தவரும் ஏனோதானோ ஆள் இல்லை. லேத் பட்டறையில் பதினெட்டு வருஷமாக இரும்பைக் கடைகிறவர். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது பட்டறைக் கணக்கு. அதில் ஒரு நூலை இன்னும் பாதியாக வகுத்து, அந்தப் பாதியை வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். தெருவிளக்குக் கம்பத்தைப் பார்த்தால் "அரை நூல் சாஞ்சிருக்கு" என்பார். முடிவெட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்தி, இடது கிருதா அரை நூல் இறக்கம் என்பார். ஆறு வயசு மகள் ஆசையாக வரைந்த வீட்டைப் பார்த்து, ஜன்னல் அரை நூல் கோணல் என்று சொல்லி அந்தப் பிள்ளையை அழ வைத்த புண்ணியவான். அதனால் பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பேர் விழுந்தது. தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. மரியாதை தெரிந்தவர்கள் அரைநூலார் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் பிறப்புச் சான்றிதழில் நிம்மதியாகத் தூங்குகிறது.

இவர் ஏன் ஸ்டூலில் ஏறினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் எல்லாம் ஆரம்பம்.

அன்று திங்கட்கிழமை. காலைத் தபாலில் அவர் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. குடைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. தைத்து முடித்து வருகிற குடைகளை விரித்து மடக்கி, கம்பி வளைந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். நேர்முகத்துக்குப் போனபோது இருபது குடையை முன்னால் போட்டு, இதில் கெட்டது எது என்று கேட்டார்களாம். இவள் மூன்றை எடுத்து வைத்தாள். ரெண்டுதானே என்றார்கள். மூன்றாவதை நீங்களே விரித்துப் பாருங்கள் என்றாள். விரித்துப் பார்த்தார்கள். இவள் விலாசத்தை எழுதிக்கொண்டார்கள்.

காலை ஏழரையிலிருந்து மதியம் ஒரு மணி வரை வேலை. சரியாகப் பதினாலாம் நாள், திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடைசி வரியில் அடிக்கோடு போட்டிருந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் காத்துக் கிடந்த கடிதம். நின்றபடியே நாலு தரம் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, நாற்றம் வந்த பிறகும் படித்தாள்.

அரைநூலாருக்கு மதிய ஷிப்ட். ரெண்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் போதும். காலை முழுக்க வீட்டில்தான் இருப்பார். இருப்பார் என்றால் இருப்பார், அவ்வளவுதான். நாற்காலி இருக்கிற மாதிரி.

அவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, தொண்டையைச் செருமினார்.

"வீடுங்கறது லேத் மாதிரி. பக்கத்துல ஆள் நின்னாத்தான் ஓடும். நீ போயிட்டா யார் நிக்கறது?"

"நீங்கதான் இருக்கீங்களே."

"நான் இருக்கேன். நிக்கறது யாருன்னு கேக்கறேன்."

அவள் துணி காயப்போடப் பின்பக்கம் போய்விட்டாள். இவர் மெதுவாக எழுந்தார். கண்ணில் படாத கடிதம் நினைவிலும் இருக்காது என்பது அவருடைய எண்ணம். அடுப்படி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரண் மேல், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் கடிதத்தைச் செருகக் கையை நீட்டினார்.

அந்த ஸ்டூலின் ஒரு கால் அரை நூல் குட்டை. ரெண்டு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். ஊர்க் கோணலை எல்லாம் பார்க்கிறவருக்கு வீட்டு ஸ்டூலைப் பார்க்க நேரம் வாய்க்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்தவள், தரையில் கிடந்த புருஷனையும் அவர் கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தாள். கடிதம் பத்திரமாக இருக்கட்டுமே என்றுதான் ஏறினேன், அங்கே கரப்பான்கூட எட்டாது என்று அவர் முனகினார். அவள் குனிந்து முதலில் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் அவரைத் தூக்கினாள். அந்த வரிசையை அவர் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

டாக்டர் பார்த்தார். இடது கணுக்காலில் சுளுக்கு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று கட்டுப் போட்டார். மூன்று நாள் படுத்திருக்கட்டும், பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கட்டும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்.

கால் சரியாகும் வரை பட்டறைக்கு லீவு சொல்லியாயிற்று. அந்த மூன்று நாளும் அரைநூலார் கட்டிலில் ராஜாவாக வாழ்ந்தார். காபி கட்டிலுக்கு வந்தது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. மகள் எழுத்துக் கூட்டிச் செய்தித்தாள் படித்துக் காட்டினாள். தலையணை அரை நூல் உயரம் என்று அவர் சொன்னால் உடனே இறக்கி வைக்கப்பட்டது.

வியாழக்கிழமை மாடி வீட்டு நர்ஸக்கா இறங்கி வந்தார். முப்பது வருஷம் எலும்பு வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி இன்று நடந்தே ஆக வேண்டும், ஊன்றிக்கொள்ள ஒரு கைத்தடி வாங்குங்கள் என்றார். அந்த மாதிரிக் கடையெல்லாம் தூரம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அரைநூலார் போர்வையை இழுத்துக்கொண்டார்.

மனைவி நடு வீட்டில் நின்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுச் சாமான் எல்லாம் அவள் முன்னால் நேர்முகத்துக்கு வந்து நிற்பது போல இருந்தது அந்தப் பார்வை.

கம்பி ஒடிந்த பழைய குடையை எடுத்து, வளைந்த கைப்பிடியைக் கழற்றினாள். ஒட்டடைக் கம்பு எடுத்தாள். குளியலறையில் போடுகிற மெத்தென்ற ரப்பர் செருப்பு, சைக்கிள் டியூப் ஒரு துண்டு. பிறகு அவரை ஒற்றைக் காலில் சுவரோரம் நிறுத்தி, கையைத் தொங்க விடச் சொன்னாள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரைக்கும் டேப்பை விட்டு அளந்தாள். கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தால்தான் தோள் வலிக்காது என்று நர்ஸக்கா சொல்லியிருந்தார்.

"முப்பத்துமூணு அங்குலம், மூணு நூல்" என்றாள்.

அரைநூலாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூல் கணக்கு உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எட்டு வருஷமாக இந்த வீட்டில் வேறு என்ன பேச்சு நடந்திருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

அறுத்தாள். செருகினாள். டியூப்பை இழுத்துச் சுற்றி இறுக்கினாள். செருப்பிலிருந்து ஒரு வட்டம் வெட்டி, வரி வரியாக இருந்த பக்கம் தரையில் படும்படி அடியில் பொருத்தினாள். காபி ஆறுவதற்குள் கைத்தடி தயார். அவர் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பட்டறையில் இரும்புத் தண்டைப் பார்க்கிற மாதிரி நீளவாக்கில் பார்த்தார். குற்றம் எங்கேயாவது இருக்கும் என்று தேடினார். டேப்பைக் கேட்டு வாங்கித் தானே அளந்தார். முப்பத்துமூணு அங்குலம், மூணு நூல். அரை நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் கையில் வந்த எந்தப் பொருளும் அவர் வாயை இப்படி அடைத்தது இல்லை.

நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்கணும் என்று நர்ஸக்கா சொல்லிக்கொடுக்க, வலது கையில் பிடித்து நடந்தார்.

சனிக்கிழமை வினை வந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அவருக்குப் பிஸ்கட் ஞாபகம் வந்தது. அடுப்படிக்குப் போய், மேல் தட்டில் எட்டி டப்பாவை எடுத்து, நாலு பிஸ்கட் தின்று, மூடி வைத்துவிட்டுத் திரும்பினார். கைத்தடி கட்டில் ஓரத்தில் சாய்ந்தபடியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கைத்தடி இங்கே இருக்கிறது என்றால் அடுப்படி வரை போய் வந்தது எப்படி?

இடது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். வலி போன இடம் தெரியவில்லை.

வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அரைநூலார் கட்டிலில் உட்கார்ந்து நாளை எண்ணினார். குடைக் கம்பெனித் திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பதே நாள் நொண்டினால் போதும். கால் விளங்காமல் கிடக்கிற புருஷனைப் போட்டுவிட்டு எந்தப் பெண் குடை விரிக்கப் போவாள்? அந்தத் திங்கள் தாண்டிவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. கட்டிலுக்குக் காபி வருவது நிற்காது. மற்றவர்கள் இந்த மாதிரி வேலையில் இறங்கினால் கால் மாற்றி நொண்டி மாட்டிக்கொள்வார்கள். அவர் கட்டைக் கழற்றவே இல்லை. கட்டு இருக்கிற கால்தான் நொண்டுகிற கால் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். தொழில் சுத்தம் அவருக்கு எப்போதும் முக்கியம்.

அன்று சாயங்காலமே வலி அதிகம் என்றார். கைத்தடி போதவில்லை, அதனால் நடையே வேண்டாம், கட்டிலே கதி என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கைத்தடி பத்தலையா" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி காயப்போடுகிற அலுமினிய ஸ்டாண்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். பெருக்கல் குறி போட்ட மாதிரிக் கால் விரிகிற ஸ்டாண்ட். குறுக்கே கொசுவலைக் கம்பியைக் கட்டி அந்த விரிப்பு அசையாமல் பூட்டினாள். மகளின் மூணு சக்கர சைக்கிளிலிருந்து ரெண்டு கைப்பிடி உறையைக் கழற்றி, அவர் மணிக்கட்டு உயரத்துக்குப் பொருத்தினாள். மிச்சச் செருப்பில் நாலு வட்டம் வெட்டி நாலு காலுக்கும் போட்டாள். தன் மொத்தப் பாரத்தையும் அதன் மேல் சாய்த்துப் பார்த்தாள். மகளைத் தொங்க விட்டுப் பார்த்தாள். அப்புறம் கட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அரைநூலார் அதை உலுக்கினார். அசையவில்லை. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் போட்டார். நாலு காலும் ஒரே சத்தமாகத் தரையைத் தொட்டன. அவருக்குக் கழுத்தில் மயிர் சிலிர்த்தது. இதை எங்க பட்டறையில் செய்ய மூணு ஆள், ரெண்டு நாள், ஒரு சண்டை வேணும் என்றார். காலையில் அரைத்த மாவு புளிக்கிற நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் துணி ஸ்டாண்ட் ஒரு மனுஷனைத் தாங்குகிற வண்டி ஆகிவிட்டது. படுத்துக் கிடந்தால் இதைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடியும். ஓட்டிப் பார்க்காமல் இருக்க ஒரு லேத்காரரால் முடியுமா? அவர் நடந்தார். கூடத்துக்கும் பின்பக்கச் சிமெண்ட் தரைக்குமாக டக் டக் என்று மூணு நாள் நடந்தார். முகத்தில் மட்டும் வலியை மறக்காமல் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தார். அம்மா உன் வண்டியை எடுத்துக்கிட்டு ஒத்தக் கால்ல விளையாடறா என்று மகள் வந்து எழுப்பிச் சொன்னாள். விளையாடட்டும், அவள் செய்ததுதானே என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து வண்டி வளர ஆரம்பித்தது.

வெறும் ஸ்டாண்ட் லேசாக இருக்கிறது, லேசாக இருந்தால் சாயும், கொஞ்சம் பாரம் வேணும் என்றாள் அவள். அது சரி என்று அவர் ஒப்புக்கொண்டார். எந்த மிஷினுக்கும் அடிப்பாரம் வேணும். துவைத்த துணியைப் பிழிந்து மேல் கம்பிகளில் வரிசையாகப் போட்டாள். வெயில் எலும்புக்கு நல்லது என்று நர்ஸக்கா சொன்னதையும் ஞாபகப்படுத்தினாள். அவர் துணியோடு பின்பக்கம் போனார். நிழல் நகர நகர வண்டியை நகர்த்தினார். சட்டைகள் மேற்கே பார்த்தால் பத்து நிமிஷம் முன்னதாகக் காய்கின்றன என்று அவரே கண்டுபிடித்து, அவளைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

வியாழக்கிழமை மகளின் குழந்தைப் பருவத்து நடைவண்டி பரணிலிருந்து இறங்கியது. அதன் சக்கரங்கள் ஸ்டாண்டின் முன்கால்களுக்கு வந்தன. இனிமேல் தூக்கி வைக்க வேண்டாம், தள்ளினாலே போதும். பின்கால் ரெண்டும் தரையைக் கீறுகிறது என்று சொல்லி, ரப்பரை எடுத்துவிட்டுப் பழைய துண்டைச் சுற்றினாள். துண்டு சரசர என்கிறது என்று சொல்லி அதை நனைத்தாள்.

அவர் கூடத்தில் ஒரு நடை போய்த் திரும்பிப் பார்த்தார். அவர் வந்த வழியில் தரை பளபளவென்று ரெண்டு கோடாக மின்னியது. நடுவில் ரெண்டு விரற்கடை மங்கல். அதைப் பார்த்ததும் அவருக்குள் இருந்த லேத்காரர் துள்ளி எழுந்தார்.

"இங்க வா. நடுவுல விட்டுப்போகுது பாரு. வேலைன்னா சுத்தமா இருக்க வேணாமா?"

அவள் வந்து பார்த்தாள். "அப்படியா? எனக்குத் தெரியலையே" என்றாள்.

இது தெரியாமல் நீ என்ன தரம் பார்க்கப் போகிறாய் என்று அவர் சிரித்தார். ரெண்டு காலுக்கும் நடுவில் ஒரு சட்டத்தைக் கட்டி, மூன்றாவது துண்டைத் தானே சுற்றி, திரும்ப ஒரு நடை போனார். மங்கலே இல்லை. ஜன்னலின் நிழல் தரையில் தெரிந்தது. அவருக்கு மனசு நிறைந்துபோனது. கட்டிலுக்கு அடியில் எப்படி வருகிறது என்று பார்த்தார். மூலைகளில் பார்த்தார். அடுப்படியிலும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முன்னால் ஒரு கூடை தொங்கியது. அதில் தக்காளி, வெங்காயம், பலகை, கத்தி. நடந்து களைத்து உட்காருகிற நேரத்தில் கை சும்மா இருந்தால் தோள் இறுகிவிடும் என்றாள் அவள். வெங்காயத்தை அவர் ஒரே கனத்தில் வெட்டினார். டேப் வைத்தால்கூடத் தப்புச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் ஒரு சந்து தள்ளித்தான். தெருவில் தினம் கொஞ்சம் நடக்க வேண்டும், அதற்குக் கைத்தடி போதும் என்று அவள் சொல்ல, காலையில் மகளைக் கொண்டுபோய் விட்டார், மதியம் போய்க் கூட்டி வந்தார். ஒட்டடைக் கம்பையும் குடைப்பிடியையும் வழியில் கண்டவர்களிடம் எல்லாம் காட்டி, என் வீட்டுக்காரி செய்தது என்றார்.

சனிக்கிழமை அவள் கட்டிலில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கொஞ்சம் காலை எடு, அடியில் துடைக்கணும் என்றார். அவள் காலை எடுத்தாள். எங்கேயோ ஏதோ அரை நூல் தள்ளியிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஞாயிறு சாயங்காலம் வந்தது. மறுநாள் திங்கள். அவள் பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்ததை அவர் பார்த்தார். சேர்த்து வைத்திருந்த முனகலை எல்லாம் ஒரே மூச்சாக எடுத்து விட்டார். கால் உள்ளே குடைகிறது, தொடை வரை இழுக்கிறது, என்னைத் தனியாக விட்டுவிட்டு நீ நிம்மதியாக அங்கே உட்கார்ந்திருப்பாயா என்று கேட்டார்.

அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"நிஜமாவே வலிக்குதா?"

அவர் கால் கட்டைப் பார்த்துக்கொண்டே, "உயிர் போகுது" என்றார்.

"அப்ப அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிடுவோம். அக்கா வேண்டாம்னு சொன்னா நான் போகல."

நர்ஸக்கா அந்த வாரம் முழுக்கத் தன் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். உள்ளே நுழைந்தவர் காலைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து அடித்துணியைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் கையில் ஒட்டியது.

"இதை வெச்சா தம்பி நடக்குது? எத்தனை நாளா?"

நாலு நாளாக என்று அரைநூலார் பெருமையோடு சொன்னார். நடுச் சட்டம் தன்னுடைய யோசனை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நர்ஸக்கா மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு அறிவிருக்கா? முன்னால சக்கரம், பின்னால ஈரத்துணி. கால் வலிக்கிற ஆள் இது மேல சாஞ்சா ரெண்டாவது அடியில மூக்கு தரையில இருக்கும்."

"அதாங்க்கா" என்றாள் அவள். "வலி இருந்தா நான் கட்டியிருப்பேனா?"

அரைநூலார் கட்டுப் போட்ட காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய், அவருடைய ஆணி டப்பாவைக் கொண்டுவந்து பலகை மேல் கவிழ்த்தாள். எட்டு ரப்பர் வட்டம். நாலை இந்தப் பக்கம் வைத்தாள், நாலை அந்தப் பக்கம் வைத்தாள்.

"இது உங்களது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூணு நாள் நடந்தது. செருப்பு வரி அப்படியே இருக்கு பாருங்க. இது என்னோடது. புதன்கிழமை நீங்க தூங்கறப்ப உங்க வட்டத்தைக் கழட்டிட்டு, புதுசா நாலு வெட்டிப் போட்டு, இடது காலைத் தூக்கிக்கிட்டு அதே சிமெண்ட் தரையில அரை மணி நேரம் நடந்தேன். வரியே இல்ல. பாரத்தைப் போட்டா ரப்பர் தேயும். நீங்க வண்டிய ஊனல. கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க."

அரைநூலார் ஒவ்வொரு வட்டமாக எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். உளி தேய்ந்திருக்கிற சாயலைப் பார்த்து, அதைப் பிடித்தவன் எப்படிப் பிடித்தான், எதற்காக அவசரப்பட்டான் என்று சொல்லுகிறவர் அவர். பட்டறையில் அந்த வித்தை தெரிந்தது அவருக்கு ஒருத்தருக்குத்தான் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தார். அது செருப்பு ரப்பரிலும் நடக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நல்ல மாதிரி ஒன்று, கெட்ட மாதிரி ஒன்று, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வாயே திறக்க முடியாதபடி ஒரு கணக்கு. மாட்டிக்கொண்ட வெட்கம் வருவதற்கு முன்னால் அவருக்குப் பிரமிப்பு வந்துவிட்டது. அது போக இடமில்லாமல் கண் வரைக்கும் வந்து நின்றது.

"கைத்தடி ரப்பர்?" என்று கேட்டார். தொழில் ஆசை அவரை விடவில்லை.

"அது ஓரத்துல மட்டும் தேஞ்சிருக்கு. தெருவுல சுழட்டிக்கிட்டே போயிருக்கீங்க."

நர்ஸக்கா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"புதன்கிழமையே தெரியும்னா அன்னைக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நடக்கறதை நிறுத்திடுவீங்களே" என்றாள் அவள்.

அவர் மனசு பின்னோக்கி ஓடியது. துணி. தரை. வெங்காயம். பள்ளிக்கூடம். கட்டில் மேல் நீட்டியிருந்த ரெண்டு கால். அந்த அரை நூல் எங்கே தள்ளியிருந்தது என்று இப்போது பிடிபட்டது.

"வீடு லேத் மாதிரின்னீங்க. பக்கத்துல ஆள் நிக்கணும்னீங்க. நாலு நாளா நின்னது யாரு?"

அவர் பதில் தேடி எழுந்தார். எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்தார். அது ஆடவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். குட்டைக் காலின் அடியில் அழகாக ஒரு மெல்லிய ரப்பர் துண்டு. கனம் சரியாக அரை நூல்.

திங்கட்கிழமை விடிந்தது. அரைநூலார் கணுக்கால் கட்டை அவிழ்த்துச் சுருட்டி மேஜை மேல் வைத்தார். நெஞ்சை நிமிர்த்தி ரெண்டு காலில் நின்று, இன்றிலிருந்து நொண்டல் கிடையாது, வீட்டை முழுசாக நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் அந்தக் கம்பெனியில் ஒரு கோணல் குடை வெளியே போகாமல் பார் என்று சொன்னார். மனசாரத்தான் சொன்னார். நடைவண்டியை மூலைக்குத் தள்ளி வைத்தார். அவள் பையை மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போய் வழியனுப்பினார். தெருமுனையில் நின்று அவள் கையசைத்தாள். இவரும் அசைத்தார். என் பெண்டாட்டியை மாதிரி ஒருத்தி இந்தத் தெருவில் உண்டா என்று தோன்றியது. அந்த நினைப்போடு உள்ளே வந்தார். நாற்காலி எதிரில் இருந்தது. உட்கார்ந்தார். செய்தித்தாள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. எடுத்தார். கால் தானாகவே ஸ்டூல் மேல் ஏறிக்கொண்டது. மகள் சீருடையோடு வந்து, பள்ளிக்கூடம் போகலாமா என்று கேட்டாள். இரு, இந்தப் பக்கத்தை முடிச்சிடறேன் என்றார்.

வாசலில் நிழல் விழுந்தது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு அவள் திரும்பி வந்திருந்தாள்.

அவரைப் பார்த்தாள். செய்தித்தாளைப் பார்த்தாள். ஸ்டூல் மேல் நீட்டியிருந்த ரெண்டு நல்ல காலையும் பார்த்தாள். கோபப்படவில்லை. டப்பாவை எடுத்துப் பையில் வைத்தாள். மூலையில் இருந்த நடைவண்டியைக் கொண்டுவந்து, துண்டை நனைத்து, கூடையில் வெங்காயத்தைப் போட்டு, அவர் மணிக்கட்டுக்கு நேராக நிறுத்தினாள். மேஜை மேல் இருந்த கட்டுத் துணியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறுக்காதீங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் கொஞ்சம் நொண்டிக்கிட்டே இருங்களேன்."